கப்பல் கரை தொடாமல் திரும்பினால் உங்கள் பணத்துக்கு என்ன நடக்கும்?

என் ராத்தாவின் மகன் தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். இரண்டு வருட ஒப்பந்தம் முடியும்வரை ஊருக்கு வர அவனுக்கு லீவு இல்லை. கடந்த வருடம் ஓகஸ்ட் விடுமுறையில் நானும் மனைவியும், ராத்தாவும் மச்சானும் சிங்கப்பூர் போகத் திட்டமிட்டபோது, கொழும்பிலுள்ள ஒரு பிரயாண முகவர் நிலையம் 4 இரவுக் கப்பல் பயணமொன்றைப் பற்றிச் சொன்னது. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் ஆகிய இரண்டு துறைமுகங்களுக்கும் போய்விட்டு மீண்டும் சிங்கப்பூருக்கு வருவது. புக்கெட்டில் கப்பல் காலை முதல் மாலை வரை நிற்கும். மருமகன் அன்று ஒருநாள் மட்டும் லீவு எடுத்துக்கொள்வான். தாயும் மகனும் ஒரு பகல் முழுவதும் ஒன்றாக இருக்கலாம். அந்தக் கப்பலை நாங்கள் தெரிவு செய்ய இது ஒன்றே காரணம்.

மூன்றாம் நாள் காலை கப்பல் புக்கெட்டின் பத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டது. அங்கே பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை. சிறிய படகுகளில்தான் பயணிகளை இறக்குவார்கள். ராத்தா சீனிச் சம்பல் போத்தலையும் புதுச் சேர்ட் இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு சுபஹுக்குப் பிறகே தயாராகிவிட்டார். எட்டரை மணியளவில் கெப்டனின் அறிவித்தல் வந்தது. அலை அதிகமாக இருப்பதால் படகுகளைப் பாதுகாப்பாக ஓட்ட முடியாது, புக்கெட் தரிப்பு ரத்து, மன்னிக்கவும். கரையில் நின்ற மருமகன் போன் எடுத்தான். "உம்மா, கப்பல் தெரியுது" என்றான். ராத்தா மேல்தளத்தில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் கப்பல் திரும்பிவிட்டது.

அன்று மாலை எங்கள் கப்பல் கணக்கில் ஆளுக்கு 20 டொலருக்கும் குறைவான ஒரு தொகை வரவு வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் 'துறைமுகக் கட்டணம்' என்று எழுதியிருந்தது. விசாரணை மேசையில் நின்ற நீண்ட வரிசையில் நானும் நின்று, மீதிப் பணம் எங்கே என்று கேட்டேன். அங்கிருந்த பிள்ளை மிகவும் மரியாதையாக, "எல்லாம் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது, சேர்" என்றார்.

நான் அந்த ஒப்பந்தத்தை வாசித்திருக்கவில்லை. ஊருக்கு வந்த பிறகுதான் வாசித்தேன். பிறகு மற்ற நாடுகளின் சட்டங்களையும் தேடி வாசித்தேன். நம்மவர்களில் பலர் இப்போது சிங்கப்பூர், டுபாய், ஐரோப்பா என்று கப்பல் சுற்றுலா போகிறார்கள். வட்ஸ்அப் குழுமங்களில் வாராவாரம் விளம்பரங்கள் வருகின்றன. எனக்குப் பிந்தித் தெரிய வந்தது அவர்களுக்கு முந்தியே தெரிந்திருக்கட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு கேள்விகள்

துறைமுகம் தவறியதும் பயணிகள் செய்யும் முதல் பிழை, இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வது. கப்பல் அங்கே போகாமல் விட்டது சரியா என்பது ஒரு கேள்வி. போகாத இடத்துக்காக வாங்கிய பணத்தை வைத்துக்கொள்வது சரியா என்பது வேறு கேள்வி.

முதலாவது கேள்வியில் நாம் கெப்டனோடு சண்டைபிடிக்கக் கூடாது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச சமவாயத்தின்படி, பாதுகாப்புக்குத் தேவையென்று கெப்டன் எடுக்கும் முடிவைக் கப்பல் உரிமையாளரே தடுக்க முடியாது. அது நல்ல விதி. அலையில் ஆடும் சிறுபடகில் வயதானவர்களையும் குழந்தைகளையும் ஏற்றி இறக்குவது எவ்வளவு ஆபத்து என்பது, நம் கிழக்குக் கரையில் கடலோடு வாழ்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் எல்லாத் தவிர்ப்புக்கும் அலை மட்டும் காரணமல்ல. இயந்திரக் கோளாறினால் வேகம் குறைந்து நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் போகலாம். நோயாளி ஒருவரை அவசரமாக இறக்க வேண்டி வரலாம். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடக்கலாம். 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே ஓடும் பல சொகுசுக் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. அந்த வழியில் இருந்த துறைமுகங்கள் பயண நிரலில் இருந்து காணாமல் போயின.

அரச அனுமதி கிடைக்காமலும் போகலாம். 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு சொகுசுக் கப்பல் விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக்கும் வருவதாக இருந்தது. கப்பலில் சூதாட்ட வசதி இருப்பதாக எதிர்ப்புக் கிளம்ப, புதுச்சேரி அரசு அனுமதி கொடுக்கவில்லை. அந்தத் தரிப்பு நடக்கவில்லை. அதே சென்னைச் சேவைதான் அடுத்த வருடம், 2023 ஜூனில், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் கரைகளுக்கும் வந்தது. ஆகவே இது எங்கோ தூர தேசத்துப் பிரச்சினை மட்டுமல்ல.

காரணம் எதுவென்று தெரிந்து வைத்திருப்பது முக்கியம். காற்றுக்கும் அலைக்கும் கம்பனி பொறுப்பல்ல. இயந்திரத்தைப் பராமரிப்பதும், புறப்படும் முன்பே அனுமதி பெறுவதும் கம்பனியின் பொறுப்பு. நட்டஈடு கேட்கும்போது இந்த வேறுபாடு பெறுமதியானது.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?

எந்தக் கம்பனியின் டிக்கெட் ஒப்பந்தத்தை எடுத்தாலும், சொற்கள் வேறுபட்டாலும் கருத்து ஏறக்குறைய ஒன்றுதான். கம்பனி எந்தக் காரணத்துக்காகவும், முன்னறிவித்தல் இன்றியும், எந்தத் துறைமுகத்தையும் தவிர்க்கலாம், மாற்றலாம், நேரத்தைக் குறைக்கலாம். அதற்காகக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கும் கடமை கம்பனிக்கு இல்லை. நாம் 'புக்கெட் பயணம்' வாங்குவதாக நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் நாம் வாங்குவது ஓர் அறை, சாப்பாடு, நான்கு இரவுகள். துறைமுகங்கள் அந்த ஒப்பந்தத்தில் உறுதிமொழி அல்ல, உத்தேசம் மட்டுமே.

அப்படியானால் அந்தச் சிறு தொகையை மட்டும் ஏன் தருகிறார்கள்? அதற்கொரு பின்னணி உண்டு. 1990களில் அமெரிக்கக் கம்பனிகள் விளம்பரத்தில் குறைந்த கட்டணத்தைக் காட்டிவிட்டு, 'துறைமுகக் கட்டணம்' என்ற பெயரில் தனியாக ஒரு பெரிய தொகையை அறவிட்டன. துறைமுகங்களுக்கு உண்மையில் செலுத்தியதை விட அது அதிகம் என்று புளோரிடா மாநிலச் சட்டமா அதிபர் அலுவலகம் விசாரணை நடத்தியது. 1997இல் பெரிய கம்பனிகள், அரசுக்கும் துறைமுகத்துக்கும் உண்மையில் போகும் தொகையை மட்டுமே அப்படித் தனியாகக் காட்டுவதற்கு இணங்கின. இன்று டிக்கெட்டில் 'வரிகளும் கட்டணங்களும்' என்று தனியாகக் காணப்படும் வரி அந்த வகையானது. கப்பல் துறைமுகத்துக்குப் போகாவிட்டால் அந்தப் பணம் துறைமுகத்துக்குப் போகாது. அது கம்பனியின் பணமும் அல்ல. ஆகவே திரும்பி வருகிறது.

அதிலும் கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்கள் உண்டு. மாற்றுத் துறைமுகம் ஒன்றுக்குப் போனால், சில கம்பனிகள் அதன் கட்டணத்தை இதில் கழித்துக்கொள்ளும். அடுத்தது, வரவு வைக்கும் முறை. கப்பல் கணக்கு வரவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, செலவழிக்காவிட்டால் பயண முடிவில் பணமாகவோ காட்டுக்கோ திரும்பக் கிடைக்கும். மற்றது, கப்பலிலேயே செலவழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அழிந்துவிடும். மதுபானச் சாலைக்கும் கசினோவுக்கும் போகாத குடும்பத்துக்குக் கப்பலில் செலவழிக்கப் பெரிதாக என்ன இருக்கிறது? கடைசி இரவில் விலையுயர்ந்த வாசனைத் திரவியப் போத்தலொன்றை வேண்டா வெறுப்பாக வாங்குவதுதான் மிச்சம். எனவே வரவைக் கண்டதும், "இது பணமாகத் திரும்புமா?" என்று அன்றே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் பணத்தைப் பிரித்துப் பாருங்கள்

"எனக்கு நஷ்டம், பணத்தைத் தாருங்கள்" என்று மொத்தமாகக் கேட்டால், மொத்தமாக ஒரு 'இல்லை' வரும். செலவழித்த பணத்தை வகை வகையாகப் பிரித்தால், ஒவ்வொன்றுக்கும் வேறு பதில் உண்டு என்பது தெரியும்.

முதலாவது, துறைமுகக் கட்டணமும் வரியும். இது திரும்பக் கிடைக்க வேண்டியது. தானாக வராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, கப்பல் கம்பனியிடமே வாங்கிய கரைச் சுற்றுலா. கப்பல் போகாவிட்டால் இது வழக்கமாக முழுமையாகத் திரும்பும்.

மூன்றாவது, வெளியாரிடம் நாமே பதிவு செய்த வாகனம், வழிகாட்டி, சுற்றுலா. இது அவர்களுடைய நிபந்தனையைப் பொறுத்தது. கப்பல் வராவிட்டால் பணம் வேண்டாம் என்று எழுதித் தரும் உள்ளூர் நிறுவனங்கள் பல துறைமுகங்களில் இருக்கின்றன. அப்படிப்பட்டவர்களிடம் மட்டும் பதிவு செய்வது புத்தி.

நான்காவது, முகவர் நிலையம் தனியாக விற்றவை. எங்கள் விடயத்தில் இதுதான் நாங்கள் கவனிக்காமல் விட்ட பணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்தாவது, விசாக் கட்டணம், விமான டிக்கெட் போன்றவை. நமது கடவுச்சீட்டோடு போகிறவர்கள் சில நாடுகளில் ஒரு பகல் இறங்குவதற்கும் விசாவுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. துறைமுகம் தவறினால் எந்தத் தூதரகமும் அதைத் திருப்பித் தராது. கம்பனியும் தராது. இதைக் காப்புறுதியில்தான் தேட வேண்டும்.

ஆறாவது, பயணக் கட்டணத்தில் அந்த நாளுக்குரிய பங்கு. உண்மையான வழக்கே இதில்தான் இருக்கிறது. இதற்கான பதில், நீங்கள் எந்த நாட்டில் டிக்கெட் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

ஒரே கப்பல், வெவ்வேறு உரிமை

அமெரிக்காவில் பயணியின் நிலை பலவீனமானது. அங்கே ஒப்பந்தம் சொல்வதே பெரும்பாலும் முடிவு. 1991இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், டிக்கெட்டில் அச்சிடப்பட்டிருந்த நிபந்தனையின்படி, வொஷிங்டன் மாநிலத்துத் தம்பதியர் நாட்டின் மறுகோடியிலுள்ள புளோரிடாவில்தான் வழக்குத் தொடர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த அமெரிக்கக் கூட்டாட்சிக் கடல்சார் ஆணைக்குழுவின் விதி, பயணம் ரத்தானாலோ புறப்பாடு 3 நாட்கள் அல்லது அதற்கு மேல் தாமதித்தாலோ பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. தவறிய ஒரு துறைமுகம் அதற்குள் வராது. 2013இல் கப்பல் கம்பனிகளின் சர்வதேசச் சங்கம் வெளியிட்ட 'பயணிகள் உரிமைப் பட்டயம்' இயந்திரக் கோளாறினால் ரத்தாகும் பயணத்துக்கு முழுப் பணமும், இடையில் முடிவுறும் பயணத்துக்கு ஒரு பகுதியும் தர வேண்டும் என்கிறது. அதிலும் ஒரு துறைமுகம் தவறியதற்கு இடமில்லை.

ஐரோப்பாவில் நிலை வேறு. ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. 2012 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் இருக்கும் கடல் பயணிகள் உரிமைச் சட்டம், தாமதமாகும் படகுச் சேவைகளுக்கு டிக்கெட் விலையில் 25 அல்லது 50 வீதம் நட்டஈடு தருகிறது. பலர் அதைக் காட்டிக் கேட்டு ஏமாறுகிறார்கள். அந்த நட்டஈட்டுப் பிரிவு குரூஸ் பயணங்களுக்குப் பொருந்தாது என்று அதே சட்டம் சொல்கிறது.

பொருந்துவது வேறொன்று. குரூஸ் என்பது தங்குமிடம், போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்ந்த பொதிச் சுற்றுலா. பொதிச் சுற்றுலா பற்றிய 2015ஆம் ஆண்டு ஐரோப்பியப் பணிப்புரையும், பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்கின்றன. ஒன்று விலைக்குறைப்பு, மற்றது நட்டஈடு. தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழ்நிலை என்று நிரூபித்தால் ஏற்பாட்டாளர் நட்டஈட்டில் இருந்து தப்பலாம். விலைக்குறைப்பில் இருந்து அப்படித் தப்ப முடியாது. வாக்களித்த சேவை கிடைக்கவில்லை என்றால், பிழை யாருடையது என்று பாராமல் அதற்கேற்ப விலை குறைய வேண்டும். கொவிட் காலத்தில் விடுமுறை பாதியில் முடங்கிய பயணிகள் தொடர்பான வழக்கொன்றில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி இதையே உறுதி செய்தது. கொவிட்டுக்கு ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல. ஆனாலும் விலை குறைய வேண்டும் என்பதே தீர்ப்பு.

நான் முன்னே சொன்ன இரண்டு கேள்விகளின் பிரிவு இங்கே சட்டமாகவே இருப்பதைப் பாருங்கள். கெப்டன் செய்தது சரியாக இருக்கலாம். அதனால் முழு விலையும் கம்பனிக்கே சொந்தம் என்று ஆகிவிடாது. ஒரு சிறு தரிப்பு தவறியதற்குப் பெரிய தொகை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்தத் துறைமுகம் பயணத்தில் எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுத்து அளவு மாறும். இலண்டனிலோ பாரிஸிலோ உள்ள நம் உறவினர்கள் அங்கிருந்து டிக்கெட் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு உண்டு. அதே கப்பலில் பக்கத்து அறையில் இருக்கும், வேறு நாட்டில் வாங்கிய பயணிக்கு அது இல்லாமல் போகலாம்.

மன வருத்தத்துக்கு விலை உண்டா?

"நான் கேட்கிறது காச இல்ல தம்பி" என்று ராத்தா கப்பலில் வைத்துச் சொன்னார். அவருடைய இழப்பை எந்தப் பற்றுச்சீட்டிலும் காட்ட முடியாது. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லையா என்று தேடியபோது, அவுஸ்திரேலியாவின் ஒரு வழக்கு கண்ணில் பட்டது.

டேவிட் மூர் என்பவர் 2013இல் ஐரோப்பாவில் ஒரு நதிக் குரூஸுக்குப் பணம் கட்டினார். அம்ஸ்டர்டாமில் இருந்து புடாபெஸ்ட் வரை, 14 நாள் பயணம். ரைன், மெயின் நதிகளில் வெள்ளம். கப்பல்கள் நகர முடியவில்லை. சொகுசுக் கப்பலில் போக வேண்டியவர்கள் பெரும்பாலான நாட்களை பஸ்ஸில் கழித்தார்கள். வெள்ளத்துக்குக் கம்பனி காரணமல்ல. ஆனால் நிலைமை தெரிந்திருந்தும் முன்கூட்டியே சொல்லவில்லை, ரத்துச் செய்யும் வாய்ப்பைத் தரவில்லை என்பதே பயணிகளின் முறைப்பாடு. மூர் மற்றப் பயணிகளுக்காகவும் சேர்த்து வழக்குத் தொடர்ந்தார்.

சேவையின் பெறுமதி குறைந்ததற்கு நட்டஈடு வேறு, ஏமாற்றத்துக்கும் மன வருத்தத்துக்கும் நட்டஈடு வேறு என்று கேட்கப்பட்டது. மன வருத்தத்துக்கு 2,000 டொலர் என்று முதல் நீதிமன்றம் தீர்மானித்தது. மேன்முறையீட்டில் அது மறுக்கப்பட்டது. உடற்காய வழக்குகளுக்கான மாநிலச் சட்டமொன்று அதைத் தடுக்கிறது என்றார்கள். 2020 ஏப்ரலில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மகிழ்ச்சியும் ஓய்வும் தருவதாகச் சொல்லி விற்கப்பட்ட ஒன்று அதைத் தராமல் போனால் வரும் ஏமாற்றம் உடற்காயமல்ல, அது ஒப்பந்தம் மீறப்பட்டதன் நேரடி விளைவு, அதற்கு நட்டஈடு உண்டு என்றது.

இந்தத் தீர்ப்பு ராத்தாவுக்கு உதவாது. அவர் அவுஸ்திரேலியாவில் டிக்கெட் வாங்கவில்லை. அலை எழுந்த ஒரு காலையும், வெள்ளம் என்று தெரிந்தே தொடங்கிய ஒரு பயணமும் ஒன்றல்ல. ஆனாலும் இதில் இரண்டு பாடங்கள் உண்டு. கம்பனிக்கு எப்போது தெரிந்தது, நமக்கு எப்போது சொன்னார்கள் என்பது பெரிய கேள்வி. அடுத்தது, மன வருத்தம் என்பது வெறும் புலம்பல் அல்ல, சட்டம் கணக்கெடுத்த ஓர் இழப்பு.

இலங்கையில் வாங்கியவர் என்ன செய்யலாம்?

நமது நாட்டில் பொதிச் சுற்றுலாவுக்கென்று ஐரோப்பாவைப் போல விரிவான பாதுகாப்பு இல்லை. வெளிநாட்டுக் கப்பல் கம்பனியை இங்கிருந்து பிடிப்பதும் கடினம். ஆனால் பணம் வாங்கிய முகவர் நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் பொருந்தும். சேவை உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்பட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அதற்குள் அடங்கியதாகவே கொள்ளப்படும். வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. 'புக்கெட் நிச்சயம்' என்று விளம்பரம் போட்டுவிட்டு, உத்தேசம்தான் என்ற நிபந்தனையை மறைத்திருந்தால் அதைக் கேள்விக்குட்படுத்தலாம். முறைப்பாட்டை எழுத்தில், சேவை கிடைத்து 3 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். இந்தக் காலக்கெடுவைத் தவறவிடுபவர்கள் பலர். அதிகார சபையின் துரித இலக்கம் 1977. சிறு தொகைத் தகராறுகளுக்கு மத்தியஸ்த சபையும் இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் தொடர்பாக 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. தொகை பெரிதென்றால் அது குறித்து ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். முகவர் நிலையத்துக்கு முதலில் போன் எடுத்தேன். "அது கப்பல் கம்பனியின் முடிவு, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றார்கள். பிறகு பற்றுச்சீட்டை எடுத்து வரிக்கு வரி பார்த்தேன். அதில் 'புக்கெட் நகர் உலா, வாகனத்துடன்' என்று நான்கு பேருக்கும் ஒரு தொகை இருந்தது. அது கப்பல் கம்பனியின் சுற்றுலா அல்ல. முகவர் நிலையமே தனியாக விற்றது. நடக்காத ஓர் உலாவுக்கான பணம் அவர்களிடமே இருந்தது. கப்பல் ஒப்பந்தத்தின் எந்த நிபந்தனையும் அதற்குப் பொருந்தாது.

அதன் பிறகு போன் எடுக்கவில்லை. ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பயணத் திகதி, பதிவு இலக்கம், தரிப்பு ரத்தான அறிவித்தலின் படம், பற்றுச்சீட்டின் பிரதி, கேட்கும் தொகை, 14 நாள் அவகாசம், அதற்குள் பதில் வராவிட்டால் அதிகார சபையில் முறைப்பாடு. கோபமான சொல் ஒன்றும் அதில் இல்லை. பத்தாவது நாள் உலாப் பணம் முழுவதும் கணக்குக்கு வந்தது. கட்டணத்தில் ஒரு நாளின் பங்கையும் கேட்டிருந்தேன். அதற்குக் கப்பல் கம்பனி இல்லை என்றது, அடுத்த பயணத்துக்கு ஒரு சிறு கழிவு தருவதாகச் சொன்னது. அதை நாங்கள் எடுக்கவில்லை.

போகுமுன் செய்ய வேண்டியவை

பணம் கட்டுமுன் ஒப்பந்தத்தின் ஒரே ஒரு பகுதியையாவது வாசியுங்கள். பயண நிரல் மாற்றம் பற்றிய பகுதி அது. ஆங்கிலம் சிரமமென்றால் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பற்றுச்சீட்டை வகை வகையாகக் கேளுங்கள். கப்பல் கட்டணம் எவ்வளவு, வரியும் துறைமுகக் கட்டணமும் எவ்வளவு, முகவர் தனியாகச் சேர்த்தது எவ்வளவு. மொத்தத் தொகை மட்டும் எழுதிய பற்றுச்சீட்டை வைத்து, திருப்பி எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் பார்க்க முடியாது.

தெரிவு செய்யும் துறைமுகத்தில் கப்பல் இறங்குதுறையை ஒட்டி நிற்குமா, படகில் இறக்குவார்களா என்று கேளுங்கள். படகில் இறக்கும் இடங்கள் அலைக்காலத்தில் எளிதில் தவறும். புக்கெட்டின் மேற்குக் கரையில் மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நாங்கள் போனது ஓகஸ்ட். நம் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும் அதே மாதங்கள்தான் அங்கேயும். இதை யோசித்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

பயணக் காப்புறுதி எடுத்தால், தவறிய துறைமுகத்துக்கு அதில் இடமுண்டா என்று பாருங்கள். சில பொலிசிகள் தவறும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு குறித்த தொகை தருகின்றன. அவற்றிலும் படகில் இறங்க முடியாமல் போனதை விலக்கும் பொலிசிகள் உண்டு.

கப்பலில் அறிவித்தல் வந்தால், சொன்ன காரணத்தையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அறையில் போடும் கடிதத்தை எறிந்துவிடாதீர்கள். அதுவே உங்கள் சான்று.

கடைசியாக ஒன்று. கல்யாணம், நோயாளியைப் பார்த்தல், பிள்ளையைச் சந்தித்தல் போன்ற தவறக் கூடாத காரியத்துக்காக ஒரே ஒரு துறைமுகத்தை நம்பிக் கப்பல் ஏறாதீர்கள். கப்பல் உங்களுக்கு அந்தத் துறைமுகத்தை விற்கவில்லை. அப்படியான காரியத்துக்கு விமானத்தில் போங்கள். கப்பலை உல்லாசத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பக் கிடைத்த உலாப் பணத்தை ராத்தாவிடம் கொடுத்தேன். அவர் அதை எண்ணிப் பார்க்கவில்லை. மகன் வரும்போது செலவுக்கு இருக்கட்டும் என்று அலுமாரியில் வைத்தார். ஒப்பந்தம் முடிந்து இந்த வருடம் அவன் வந்தான், அல்ஹம்துலில்லாஹ். வாசலில் அவனைக் கண்டதும் ராத்தா கேட்ட முதல் கேள்வி: "அண்டைக்கு எவ்வளவு நேரம் அந்தக் கரையில நின்டாய் மகன்?"